பிரேமா வீழ்த்திய டிராகன்

தொண்ணூற்றெட்டில் கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து ஆரியசாலைக்கு வந்த பிரேமாவுக்குக் கணவனிடம் பேச்சே வரவில்லை. குற்றாலலிங்கமும் கூச்ச சுபாவி. மிளகாய் வத்தல் மொத்தக்கடையில் வேலை முடிந்து வந்து குளித்ததும், டி.வி.யில் வீடியோ கேமை மாட்டி உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அவள் பக்கம் தள்ளிவைத்தான். அன்றிலிருந்து மாலைகளில் சேர்ந்தே ஆடினார்கள்.

அந்த ஆட்டத்தின் கடைசியில் ஒரு டிராகன் வரும். பாதித் திரையை அடைத்து நின்று நெருப்பைக் கக்கும். அதனிடம் போய்ச் சேரும்போதெல்லாம் இருவரும் செத்துப்போவார்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

ஒரு சனிக்கிழமை குற்றாலலிங்கத்தின் வீரன் முதல் நெருப்பிலேயே விழுந்தான். பிரேமாவின் வீரன் மட்டும் மிச்சம்.

“தலையில அடி, கேட்டியா? சாடு, சாடு!” என்று குதிக்கச் சொல்லிப் பதறினான் அவன்.

“கொஞ்சம் மிண்டாம இருங்க. எனக்குத் தெரியும்.”

பேசாமலிருக்கச் சொல்லிக் கணவனை அதட்டிவிட்டோம் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. டிராகன் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து, ஒதுங்கி ஒதுங்கி அடித்தாள். கடைசியில் அது சிதறி மறைந்தது. இருவரும் சேர்ந்து போட்ட கூச்சலில், அடுக்களையிலிருந்த மாமியார் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனபின், குற்றாலலிங்கம் மெல்லக் கேட்டான். “உனக்கு இங்க பிடிச்சிருக்கா?”

“முதல்ல பயமாட்டு இருந்து” என்றாள் பிரேமா.

சாப்பிடக் கூப்பிடும்வரை அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.