பதினாறாவது இலக்கம்

கல்லூரியில் நான் செய்த கடைசி வருட புராஜெக்ட் படங்களைப் பூட்டுவது பற்றியது. கேயாஸ் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு எண்ணை எடுத்து ஒரே சூத்திரத்தில் திரும்பத் திரும்பப் போட்டால், வருகிற எண்கள் தறிகெட்டுத் துள்ளும். அந்தத் துள்ளலை வைத்து ஒரு போட்டோவின் புள்ளிகளை இடம் மாற்றி, நிறம் மாற்றிக் கலைத்துவிடலாம். தொடங்கிய எண் தெரிந்தால் படம் திரும்பி வரும். அதில் ஒரே ஒரு இலக்கம் மாறினாலும் வெறும் சாம்பல் தூசிதான்.

ஓசூரில் வண்டிப் பாகங்கள் வார்க்கும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தபோது, இன்டர்வியூவில் இதைச் சொல்லித் தொலைத்திருந்தேன். மேனேஜர் மறக்கவில்லை. எங்கள் புதிய பிராக்கெட்டை அத்திப்பள்ளிப் பக்கம் யாரோ காப்பியடிக்கப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு ஒரு பயம்.

"நம்ம போட்டோ எல்லாத்தையும் பூட்டிரும்மா."

பூட்டினேன். சாவியாகப் பதினாறு இலக்க எண் ஒன்றை புரோகிராமே உருவாக்கியது. அந்த நேரத்தில் என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அதை அவரே மனப்பாடம் செய்துகொண்டு போய்த் தன் கேபின் கம்ப்யூட்டரில் எக்செல்லில் ஏற்றிக்கொண்டார். பேப்பரில் எழுதக் கூடாது, போனில் அனுப்பக் கூடாது என்று விதியும் போட்டார். அசல் படங்களையெல்லாம் அழித்துவிட்டோம்.

அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து ஆடிட்டர் வந்தார். விரிசல் விழுந்து நாங்கள் ஒதுக்கிய பிராக்கெட்டின் போட்டோவைக் கேட்டார்.

சாவி மேனேஜர் கேபினில். புரோகிராம் என் மேஜையில். நடுவில் பிரஸ் மெஷின்களின் சத்தம். எண்ணைக் கத்திச் சொன்னாலும் கேட்காது. ஆகவே மேனேஜர் வாட்ச்மேன் அண்ணனை, கம்ப்யூட்டரே தெரியாதவர் என்ற நம்பிக்கையில், வழியில் நிறுத்தினார். கல்லாவி ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, எண்ணுவதும் தெலுங்கில்தான். மேனேஜர் "ஏழு" என்றால் அவர் என்னைப் பார்த்து "ஏடு!" என்பார்.

"டைப் பண்ணும்மா. ஆனா மனசுல வெச்சுக்காத" என்று மேனேஜர் எச்சரித்துவிட்டுப் போனார்.

பதினாறாவதாக "சுன்னா!" என்று வந்தது. சுழியத்தை அழுத்தினேன். தூசி.

சுழியத்தில் முடியும் சாவியை என் புரோகிராம் தரவே தராது. அப்படித்தான் எழுதியிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: எக்செல் பதினைந்து இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. பதினாறாவதைச் சத்தமில்லாமல் சுழியமாக்கிவிடும்.

ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். "சார், கடைசி நம்பர் ஒண்ணுலேர்ந்து ஒம்பதுக்குள்ளதான். ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துரலாம்."

"அப்ப மறுபடி மொதல்லேர்ந்து சொல்றேன்."

தப்பான எண் போட்டால் டைப் செய்கிற கட்டம் காலியாகிவிடும்படி நானேதான் செய்து வைத்திருந்தேன். அதனால் ஒவ்வொரு தடவையும் பதினைந்து இலக்கமும் முதலிலிருந்து வர வேண்டும். நாலாவது தடவையில் ஆடிட்டர் வாட்ச்மேனுக்கு முன்பாகவே கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தார். ஆறாவதில் ஜன்னலோரம் நின்ற ஆபரேட்டர்கள் தமிழில் சேர்ந்துகொண்டார்கள். கம்பெனியின் ரகசியம் மூன்று மொழிகளில் ஒலித்தது. நான் ஒருத்திதான் அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டேன்.

எட்டு போட்டதும் படம் திறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. புராஜெக்ட் வைவாவில்கூட யாரும் கை தட்டியதில்லை.

ஆடிட்டர் குனிந்து பார்த்தார். "கிராக் எல்லி?" விரிசல் எங்கே என்று கேட்டார்.

படம் எடுத்தவர் மேனேஜர். பிராக்கெட்டைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல் விரிசலை முழுக்க மறைத்திருந்தது.

படத்தை எட்டிப் பார்த்த வாட்ச்மேன் அண்ணன் தயங்கிக் கேட்டார்: "சார், இந்த பீஸுதான் வேணுமா? வாசல் கேட்டு காத்துல ஆடுதேன்னு இதத்தான் அடியில முட்டு குடுத்து வெச்சிருக்கேன்."

எல்லோரும் வாசலுக்குப் போனோம். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கேட்டுக்கு வெளியே பாதி, உள்ளே பாதியாக அந்தப் பிராக்கெட் கிடந்தது. விரிசல் ரோட்டுப் பக்கம் பார்த்திருந்தது. ஆடிட்டர் மண்ணில் முட்டி போட்டு அதைத் தன் போனில் நாலு படம் எடுத்தார்.

மேனேஜர் என் காதருகே வந்து மெல்லக் கேட்டார்: "அவர் போன்ல இருக்கறதையும் பூட்ட முடியுமாம்மா?"

"முடியாது சார்" என்றேன்.

ஆடிட் ரிப்போர்ட்டில் படப் பாதுகாப்பு மிகச் சிறப்பு என்று வந்தது. கேட்டுக்கு ஒரு கொக்கி போடச் சொல்லியிருந்தார்கள்.