முற்றத்துக் கல்லும் ஸ்பீக்கர் இரைச்சலும்

மக்களே, போன லீவுக்கு வந்தபோது நீங்கள் இருவரும் அடுக்களைப் பக்கத்து முற்றத்தில் நின்று, "இந்த ஒரு கல்ல மட்டும் ஏம்ப்பா எடுத்துப் போட்டிருக்கிய?" என்று கேட்டீர்கள். அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நானும் பேச்சை மாற்றினேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் வேறெங்கோ போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முன்னறையில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். கல்ஃபிலிருந்து வரும்போது போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தவை. அங்கே ஜெனரேட்டர் அறையில் எனக்கு வேலை. அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடந்ததில், மெல்லிய சத்தமெல்லாம் என் காதை விட்டுப் போய்விட்டது. கொசு வந்தது கடித்த பிறகுதான் தெரியும். அம்மா நேர்மாறு. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவதும் அவளுக்குக் கேட்கும். கோவில் பஜனையில் யாராவது சுருதி விலகினால் முதலில் திரும்பிப் பார்ப்பவள் அவள்தான். காலையில் தேங்காய் துருவும்போது பாட்டுப் போட்டு, கூடவே முணுமுணுப்பாள். அந்த முணுமுணுப்பு எனக்குக் கேட்காது. உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முற்றத்தில் கல் பதித்து, நம் வீட்டுக் கல்யாணமும் கழிந்து, நீங்கள் அவரவர் ஊருக்குப் போன பிறகு வந்த கோடை அது. ஒருநாள் பாட்டை நிறுத்திவிட்டு அம்மா வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க, பாட்டுக்க அடியில ஒரு வண்டு கிடந்து இரையுது. உங்களுக்குக் கேக்கலியா?"

"வண்டா? எனக்கு பஸ்ஸு வந்தாலே கேக்காது."

அவள் சிரிக்கவில்லை. "அப்போ எனக்க காதுதான்" என்றாள்.

அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பெரியம்மாவுக்கும் காதில் வண்டு இரைவதில்தான் தொடங்கியது. இப்போது காது அடைந்து, நாம் எதைச் சொன்னாலும் பெரியம்மா சிரிக்க மட்டும் செய்கிறாள். கருங்கல் டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்ப்போம் என்றேன். "காது போச்சுன்னு அவரு வாயால கேக்கணுமாக்கும்?" என்று சொல்லி எழுந்து போனாள். பஜனைக்குப் போவதை நிறுத்தினாள். போனில் உங்களிடம் கால்வலி என்று சொன்னாளே, அது இதுதான்.

ஒரு மத்தியானம் அவள் படுத்திருந்தாள். நான் பாட்டு எதுவும் போடாமல் ஆம்ப்ளிபயரை மட்டும் ஓட்டி, ஸ்பீக்கரின் துணிமுகத்தில் உள்ளங்கையை வைத்தேன். உள்ளே ஒரு நடுக்கம் இருந்தது. கைக்குள் பிடித்த பொன்வண்டு சிறகை அசைப்பதுபோல, விடாத ஒரு நடுக்கம். நான் ஓடிப்போய் அவளை எழுப்பினேன்.

"ஏட்டி, வண்டு பெட்டிக்குள்ளதான் இருக்கு. உனக்க காதுல இல்ல."

"சமாதானம் சொல்லுதியளோ? அணைச்ச பொறவும் எனக்குக் கேக்குத மாதிரி இருக்கு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாய்ப்பேச்சு போதாது. அந்தச் சத்தத்தை நான் நிறுத்த வேண்டும், அது நின்றதை அவள் காது கேட்க வேண்டும்.

அவளை முன்னறைத் தரையில் உட்காரவைத்தேன். பாட்டு வருகிற வயரை உருவினேன். "இப்போ?" "இருக்கு." பிரிஜ்ஜை நிறுத்திவிட்டு அடுக்களையிலிருந்து, "இப்போ?" "இருக்கு." டியூப் லைட், மோட்டார், ஒவ்வொரு அறையின் மின்விசிறி என்று ஒவ்வொன்றாக அணைத்தேன். அணைக்க அணைக்க வீடு மெல்லக் குளத்துக்குள் இறங்குவதுபோல இருந்தது. ஜன்னல் வெயில்கூடத் தண்ணீருக்கு அடியில் விழும் வெயிலாகத் தெரிந்தது. நான் எங்கோ ஒரு மூலையில் நின்று கேட்பேன். அவள் எங்கோ இருந்து, "இருக்கு, இருக்கு" என்பாள். பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிற மாதிரி இருந்தது. ஆனால் அவள் குரல் ஒவ்வொரு தடவையும் தாழ்ந்துகொண்டே போனது.

சோர்ந்துபோய் வந்து ஆம்ப்ளிபயரின் தகரமூடியில் கையை ஊன்றினேன். விரல்களில் எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுத்தது.

"நின்னுட்டு!" என்றாள்.

கையை எடுத்தேன். "வந்துட்டு." வைத்தேன். "நின்னுட்டு. நீங்க என்ன செய்யுதிய அங்க?"

நான் வெறுங்காலோடு தரையில் நின்றிருந்தேன். மண்ணுக்குப் போக வழியில்லாமல் கசிகிற கரண்டு என் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. (நீங்கள் யாரும் இப்படிக் கை வைத்துப் பார்க்கக் கூடாது. அது உயிர்போகிற காரியம்.) கரண்டு கசிந்தால் மண்ணில் இறங்கத்தான் எர்த் குழி. மண் ஈரமாக இருந்தால்தான் இறங்கும். வீடு கட்டும்போது கரியும் உப்பும் போட்டு அந்தக் குழாயை எங்கே நட்டோம் என்று யோசித்தேன். அடுக்களைக்கு வெளியே, வாழைமூட்டுக்குப் பக்கத்தில். பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் அரிசி களைகிற தண்ணீரும் அங்கேதான் போகும். வாழைக்கு என்று நினைத்துத்தான் இத்தனை வருஷமும் ஊற்றினோம். வாழை குடித்ததுபோக எர்த்தும் குடித்திருக்கிறது.

கல்யாணப் பந்தலுக்காக வாழையை வெட்டினோம். தண்ணீரைக் குழாயில் திருப்பினோம். மேலே நீங்கள் ஆசையாய் இன்டர்லாக் கல் பதித்துத் தந்தீர்கள். யாருக்கும் எர்த்தின் நினைப்பே வரவில்லை. நீங்கள் சங்கடப்பட வேண்டாம், மழைக்காலத்தில் காலில் சகதி படாமல் நடக்கிறோம். கல்லும் கண்ணுக்கு அழகுதான்.

மெயினை அணைத்துவிட்டு, உளி வைத்து ஒரு கல்லை நெம்பினேன். அடியில் மண் மாவுபோலக் காய்ந்து கிடந்தது. குழாயின் வாய் தெரிந்தது. அம்மா அடுக்களையிலிருந்து அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுவந்து முதலில் ஊற்றினாள். மண் சீறிக்கொண்டு உறிஞ்சியது. பிறகு நான் வாளி வாளியாக ஊற்றினேன். நிறையவில்லை. எவ்வளவு தாகமோ அதற்கு! பொழுது சாய்ந்து, குழியில் தண்ணீர் தேங்கி நின்ற பிறகுதான் மெயினைப் போட்டேன். அவள் முன்னறைக்குப் போனாள்.

"இப்போ?" என்றேன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இப்போ?"

ஈரக்காலோடு உள்ளே போனேன். அவள் கண்ணை மூடி, ஸ்பீக்கருக்கு முன்னால் தலைசாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஆம்ப்ளிபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏன்டி பேசாம இருக்க?"

"சளம்பாம சும்மா இருங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல். "தெங்குல அணில் ஓலையக் கரம்புதது கேக்குது."

எனக்கு அணிலும் கேட்கவில்லை, ஓலையும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். போதும் என்று இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் நேரியல் சேலை உடுத்திக்கொண்டு பஜனைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "சாயா பிளாஸ்கில இருக்கு, குடிச்சிட்டு கிளாஸக் கழுவி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஆம்ப்ளிபயரை ஓட்டி, ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்தேன். உறங்கும் குழந்தையின் முதுகுபோல அசைவற்று இருந்தது. சாயா குடித்தேன். கிளாஸைத் தொட்டியில் கழுவாமல் முற்றத்துக்குக் கொண்டுபோய், அந்தக் குழியின் மேல் பிடித்து அலசி, அந்தத் தண்ணீரை அங்கேயே ஊற்றினேன்.