எம்.டி.க்கு அப்புறம் ஒரு மூத்திரக் கேன்

டாக்டராகவும் ஆராய்ச்சியாளராகவும் ஒரே ஆள் இருப்பது, ஒரே வீட்டில் மாமியாராகவும் மருமகளாகவும் இருப்பது மாதிரி. இரண்டு பக்கமும் திட்டு நமக்குத்தான். எம்.டி. முடித்த கையோடு பிஎச்.டி.க்குப் போய் மாட்டிக்கொண்ட என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்பட்டுப் படியுங்கள்.

அய்யா பார்த்து வைத்த இடம்

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்களுக்கு மிளகாய்க் காடு. நான் கிளினிக் வைக்க ராமநாதபுரத்தில் அய்யா இடமே பார்த்துவிட்டார். மேஜையை எந்தப் பக்கம் போடுவது என்பது வரை முடிவாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து, உப்பளத்துப் பெண்களுக்குச் சிறுநீரகம் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்று ஆராயப் போகிறேன், கிளினிக் இப்போது வேண்டாம் என்றேன். அய்யா கத்தியிருந்தால்கூடத் தேவலை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, அம்மாவிடம் சொன்னார்:

"எல்லாப் பிள்ளையளும் படிச்சு முடிச்சு டாக்டராகும். நம்ம பிள்ளை டாக்டராகி முடிச்சிட்டுப் படிக்கப் போகுது."

வார்டில் ராணி, லேபில் எடுபிடி

வார்டில் நரம்பே தெரியாத பச்சைக் குழந்தைக்கும் ஊசி போட்ட கை, லேபில் பிப்பெட்டைப் பிடித்தால் தடுமாறும். அங்கே எனக்கு சீனியர், என்னைவிட வயதில் சின்னவளான செல்வி. அவள் சொல்லும் டியூபைக் கழுவி, அவள் காட்டும் இடத்தில் கவிழ்க்க வேண்டும். ஒருநாள் வழக்கமான பதற்றத்தில் எல்லாவற்றையும் சிந்திவிட்டேன். செல்வி நிதானமாகத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மேடம், இது பேஷண்ட் இல்ல. மெதுவாப் பண்ணுங்க, செத்துறாது."

தளும்பி வந்த கேன்கள்

வாலிநோக்கம் உப்பளத்துப் பெண்களுக்கு ஆளுக்கொரு கேன் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை அதில் பிடித்துத் தர வேண்டும். மறுநாள் எல்லாக் கேன்களும் தளும்பி வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

லேபில் காளியம்மாள் அக்காவின் கேனைச் சோதித்தால் சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. ஆராய்ச்சிக்காரி என்றால் உட்கார்ந்து மறுபடி சோதித்திருக்க வேண்டும். எனக்குள் இருந்த டாக்டர் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். போய் அக்காவின் விரலில் குத்திப் பார்த்தால், சர்க்கரை நோயே இல்லை. அப்புறம் கேனில் எப்படி வந்தது என்று கேட்டேன். அக்கா சாவகாசமாகச் சொன்னார்:

"சர்க்கரை எங்க வீட்டுக்காரருக்குல்ல தாயி. என்னது பாதிகூட வரல. குடுத்த ஏனத்த அரைகுறையாவா திருப்பித் தாறது? வீட்ல எல்லாருமாச் சேந்து நெறச்சிட்டோம்."

இரண்டாம் சுற்று

விசாரித்தால் எல்லா வீட்டிலும் இதே உபசாரம்தான். என் கைடு ஒரே வார்த்தையில் முடித்தார்: முதலிலிருந்து எடுக்க வேண்டும், ஃபெல்லோஷிப் தீர்வதற்குள் முடிவு வராவிட்டால் தீசிஸ் கிடையாது. வாலிநோக்கம் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். இந்தக் கூத்துக்கு இன்னொரு தரம் யார் சம்மதிப்பார்கள்? உப்புக் குவியல் பக்கத்தில் நின்று எல்லாரையும் கெஞ்சினேன். பாதியோ காலோ, உங்களது மட்டும் போதும் என்றேன்.

மறுநாள் காலையில் எல்லாரும் வந்தார்கள், கேனை முந்தானையால் மூடிக்கொண்டு. ஒன்றுகூடப் பாதியைத் தாண்டவில்லை. நாளெல்லாம் வெயிலில் நிற்கிறார்கள். ஒதுங்க மறைவிடம் இல்லை என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். நான் தேடி வந்த விடையே அந்தக் குறைதான். தீசிஸ் பிழைத்தது என்று சந்தோஷமாக இருந்தது, அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. இப்போது பெரிய ஊரில் பெரிய லேபில் இருக்கிறேன். அந்தக் காலை மட்டும் அடிக்கடி நினைவுக்கு வந்து ஏங்க வைக்கிறது. அன்று காளியம்மாள் அக்கா கேனை என் கையில் தராமல் கீழே வைத்தார்.

"கொறையாக் கொண்டாறதுக்குக் கூச்சமா இருக்கு தாயி. ஆனா எங்க ஒடம்புல இருக்கது இம்புட்டுத்தான்."

முதல் டாக்டர் பட்டத்தை கவுன் மாட்டி மேடையேறி வாங்கினேன்; இரண்டாவதை உப்பள வரப்பில் குந்தி, பாதிப் பாதிக் கேனாக வாங்கினேன்.