வெள்ளைப் பட்டை கட்டிய அக்கா

சண்முகவடிவு பம்பாய் தாராவியில் குடியிருந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. தாய் தகப்பன் இல்லாத தம்பி வெயிலுமுத்துவை வளர்த்ததும், குர்லாவில் ஓர் இரும்புப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அறுபத்தாறில் அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வெங்கடராமன் வந்தார். முந்தைய வருடப் பாகிஸ்தான் சண்டையில் ராணுவத்தில் இருந்தவர். வந்ததுமே நர்ஸுகளைக் கூட்டி 'ட்ரியாஜ்' பற்றிச் சொன்னார்.

"பிரெஞ்சு வார்த்தை. தரம் பிரிக்கறதுன்னு அர்த்தம். கம்பளி, காப்பிக்கொட்டைக்கெல்லாம் சொல்லிண்டிருந்தது. காயம்பட்டவாளைப் பிரிக்கற வழக்கம் நெப்போலியன் காலத்து யுத்தகளத்துல வந்தது. பேர் அப்புறம்தான் ஒட்டிண்டது. அதுக்கு முன்னாடி ஆபீசருக்குத்தான் முதல் வைத்தியம். சிப்பாயோ தளபதியோ, யாருக்கு அவசரமோ அவனை முதல்ல எடுன்னு மாத்தினா. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்கோ. கத்தறவனுக்கு மூச்சு இருக்கு. கத்தாதவனைப் பாருங்கோ."

உடனே பார்க்க வேண்டியவர்களுக்குச் சிவப்பு மருந்தில் நனைத்த பட்டை, காத்திருக்கக் கூடியவர்களுக்கு வெள்ளை, பிழைக்க மாட்டார்கள் என்றால் நீலம். மணிக்கட்டில் கட்ட வேண்டும்.

ஆடி மழையில் ஒரு மதியம் வெயிலுமுத்து வேலை செய்த பட்டறையின் கூரை சரிந்தது. அடிபட்டவர்களை லாரியில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் மேஜை இரண்டுதான். வாசலில் நின்று பிரிக்கும் பொறுப்பு சண்முகவடிவுக்கு.

முதலில் இறங்கியவர் ஒரு பெரியவர். மண்டை நொறுங்கியிருந்தது. நீலப் பட்டையைக் கட்டினாள். ஆயாவைக் கூப்பிட்டு, "பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்க" என்றாள்.

"யக்கா!"

வெயிலுமுத்து. வலது கை நசுங்கி, சட்டையெல்லாம் ரத்தம்.

"யக்கா, என்னைய உள்ள கொண்டு போ! கை போயிரும்க்கா!"

கையைத் தூக்கிப் பிடித்து இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நின்றது. மூச்சு சீராக இருந்தது. இன்னொரு மணிக்கட்டில் வெள்ளைப் பட்டையைக் கட்டினாள்.

"வெள்ளையா? எனக்கா?"

"பொறுத்துக்கோலே. வாரேன்."

சுவரோரம் மன்சூர் அலி சாய்ந்திருந்தார், பட்டறையின் வெல்டர். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது, நெஞ்சின் ஒரு பக்கம் அசையவே இல்லை.

"டாக்டர்! இவர மொதல்ல!"

தம்பி பின்னாலிருந்து அலறினான். "நான் ஒன் தம்பிக்கா!" அவள் திரும்பவில்லை. திரும்பினால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை அவளே பிடித்து ஓடினாள். டாக்டர் விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசியைச் செருகினார். அடைபட்ட காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. மன்சூர் அலியின் நெஞ்சு ஏறி இறங்கியது.

வெயிலுமுத்துவுக்கு இருட்டும் நேரத்தில்தான் மேஜை கிடைத்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. முன்பே உள்ளே கொண்டுபோயிருந்தால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டாள். "தெரியலைம்மா" என்றார் டாக்டர். பெரியவர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த தம்பி அவளிடம் பேசவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், இடது கையால் வேலை பழகினான். ரம்ஜான் முடிந்து ஷரீஃபுன்னிசா, மன்சூர் அலியின் மனைவி, கைக்குழந்தையோடு வந்து போன அன்று சோற்றுத்தட்டின் முன்னால் வாயைத் திறந்தான்.

"விரலு போவும்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா என்னக்கா செஞ்சிருப்ப?"

அவள் குழம்பு ஊற்றிய கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பவும் அவருட்டதாம்ல போயிருப்பேன்."

வெயிலுமுத்து தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றான்.