சைக்கிளால் விழுந்த தழும்பு

தழும்பு எப்படி வந்தது என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. ஒரு டொக்டர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். என்னுடைய கிளினிக்கில் இருக்கிற நர்ஸ் இதற்காகவே வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "கேக்காமல் என்னண்டு டொக்டர் எழுதுறது?" என்பாள். நான் தோலைப் பார்த்து எழுதுவேன். சுட்டது மினுங்கும், பக்கத்துத் தோலையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும். றோட்டில் விழுந்து உரசியது கறுத்துச் சொரசொரப்பாகக் கிடக்கும். ஆட்களின் வாயைத் திறக்க வைத்துத்தான் இதெல்லாம் தெரிய வேண்டும் என்றில்லை.

கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் நான் செய்வது அழகு வைத்தியம். கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது சொந்த மூக்கோடு கோபித்துக்கொண்டு வருகிற பிள்ளைகளும், கனடாவிலிருந்து லீவில் வந்து கண்ணுக்குக் கீழே தொங்குகிற பையை இங்கே கழற்றி வைத்துவிட்டுப் போகிற மாமிமாரும்தான் என் நோயாளிகள். 'அவள் முகம் பூசுற டொக்டர்' என்று சொந்தக்காரர் சொல்வார்கள். சொல்லட்டும். நான் நேர் றோட்டால் இங்கே வந்தவளும் இல்லை. பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ.எல். சோதனையை முதல் தடவை கோட்டை விட்டேன். இரண்டாம் தடவை மயிரிழையில் தவறியது. பிறகு ஒரு குளிர் தேசத்துக்குப் போய், அவர்களுடைய பாஷையை எழுத்துக்கூட்டிப் படித்து டொக்டரானேன். திரும்பி வந்தால் இங்கே வைத்தியம் பார்க்க இன்னொரு சோதனை. அதில் இரண்டு தரம் குப்புற விழுந்தேன். மூன்றாம் தரம் எழும்பி, எரிகாய வார்ட் ஒன்றில் ஆறு வருஷம் வேலை செய்தேன்.

அங்கே ஒவ்வொரு கட்டிலிலும் கேட்டே ஆக வேண்டும். "அடுப்பு வெடிச்சது டொக்டர்" என்று கட்டிலில் கிடக்கிற பெண் சொல்வாள். கால்மாட்டில் புருஷன் நிற்பான். 'எப்படி நடந்தது' என்ற இடத்தில் நான் அதை எழுத வேண்டும். ஆறு வருஷத்துக்குமேல் என்னால் அதை எழுத முடியவில்லை. கேள்வி கேட்கத் தேவையில்லாத தோல் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் மூக்குக்கும் கண் பைக்கும் ஓடி வந்தேன். இதே கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததை யாரிடமும் அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாதுதானே.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒரு வீட்டின் மேல்தட்டில் இரண்டு அறைகளில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிளார்க். அம்மாவின் தம்பி, என் மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெளிநாடு போவதற்கான கடிதத்துக்காக எங்களோடு காத்திருந்தார். ஆள் பெரிய ஸ்டைல்காரர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சேர்ட்தான், மணிக்கட்டுப் பொத்தான்வரை பூட்டியிருப்பார். "கொழும்பு மாப்பிள்ளை" என்று அம்மா பகிடி பண்ணுவார். அவருடைய இடது கையில் முழங்கைக்குக் கீழே ஒரு பெரிய தழும்பு இருந்தது. சேர்ட்டின் கை அதற்காகத்தான். யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக அல்ல, எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

ஏனென்றால் அந்தத் தழும்பைப் போட்டவள் நான். நாலு வயதில், யாழ்ப்பாணத்து வீட்டில், அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பானை பிடிக்கிற துணியைப் பிடித்து இழுத்தேன். பானை என் பக்கம் சரிந்தது. மாமா கையை நடுவில் கொடுத்தார். கொதிக்கிற கஞ்சி முழுக்க அந்தக் கையில். அவர் கையை உதறவில்லை. முதலில் என்னைத் தூக்கி முற்றத்தில் இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் கத்தினார். அவருடைய கையில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன.

இது எனக்கு மறந்துபோய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கொழும்புக்கு வந்த புதிதில் மாமா அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "பிள்ளை கேட்டால் சைக்கிளால விழுந்ததெண்டு சொல்லுங்கோ அக்கா. தெரிஞ்சால் வாழ்நாள் முழுக்க அதைக் காவிக்கொண்டு திரியும்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சைக்கிள் தழும்பு. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஏச்சும் இல்லை, பேச்சும் இல்லை. எனக்குத் தெரியும் என்று நான் மூச்சுக்கூட விடவில்லை.

அது சண்டைக் காலம். ஊரிலிருந்து வந்த பெடியனின் உடம்பில் தழும்பு இருந்தால், அது இயக்கத்தில் எங்கே பயிற்சி எடுத்தபோது வந்தது என்றுதான் ஆமியும் பொலிசும் கேட்பார்கள். ஆகவே எல்லாப் பெடியன்களும் பதிலைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். மாமாவுக்குச் சிங்களத்தில் 'ஹரி', அதாவது சரி, என்பதைத் தவிர ஒன்றும் வராது. எனக்கோ கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடித் தண்ணி பட்ட பாடு. என்னிடம்தான் வந்தார்.

"சைக்கிளால விழுந்தனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? சொல்லித் தா பாப்பம்."

"பைசிக்கலென் வெட்டுணா."

ஒரு கிழமையாகச் சவரம் எடுக்கும்போதும் சீப்பால் தலை இழுக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். பிழைத்தால் அடிமட்டத்தால் விரல் மொளியில் தட்டுவேன். "டீச்சர், இப்ப சரியே?" என்று கை கட்டி நிற்பார். எனக்கு ஒரே சிரிப்பு. பொய்யைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். உண்மை அதைவிட லேசு, இரண்டே சொல்: 'அத்த பிச்சுணா', கை சுட்டுப்போச்சு. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தார், அப்பாவுக்கு வேலை. மாமாவும் நானும்தான் வீட்டில். சீருடையோடு மூன்று பேர் படியேறி வந்தார்கள். வீட்டில் இருப்பவர்களின் பொலிஸ் பதிவைக் கேட்டார்கள், மாமாவின் பெயர் அதில் சரியாக இருந்தது. அடையாள அட்டையும் சரி. போகத்தான் திரும்பினார்கள். அவர்களில் மூத்தவர், என் அப்பாவின் வயது இருக்கும், வாசலில் நின்று மாமாவின் சேர்ட்டைப் பார்த்தார். இந்த வெக்கையில் முழுக்கை எதற்குத் தம்பி என்று சிங்களத்தில் கேட்டார். மாமாவுக்கு விளங்கவில்லை. அவரே வந்து பொத்தானைக் கழற்றி, கையை மேலே சுருட்டினார்.

மாமா ஒரு எழுத்துக்கூடப் பிழைக்காமல் சொன்னார். "பைசிக்கலென் வெட்டுணா."

அந்த மனிதர் தழும்பை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "எத்தத துவே?" என்றார். உண்மையா மகள் என்று. குரல் நல்ல குரலாகத்தான் இருந்தது. அவர் நம்பவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை நான்.

"நே," என்றேன். இல்லை. "அத்த பிச்சுணா."

எப்படிச் சுட்டது என்று கேட்டார். அந்த இடத்தில்தான் நான் வாயை மூடிக்கொண்டேன். பானை, துணி, கஞ்சி எல்லாவற்றுக்கும் எனக்குச் சிங்களம் தெரியும். 'நான்தான் இழுத்தேன்' என்பதற்கும் தெரியும். மாமாவுக்கு முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேறொன்றும் இல்லை, வெட்கம்தான்.

"என்ன சொன்னனீ?" என்று மாமா கேட்டார்.

"சுட்டதெண்டு."

மாமா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "உனக்கொண்டும் தெரியாது. சும்மா இரு," என்று என்மேல் சீறிவிழுந்தார். அதுவரை அவர் என்னை ஏசியதே இல்லை. பிறகு அந்த மனிதரிடம் திரும்பி, இன்னும் சத்தமாக, "பைசிக்கலென் வெட்டுணா" என்றார். மூன்றாம் தரமும் சொன்னார். அவரிடம் இருந்த சிங்களம் அவ்வளவுதான்.

விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். படியில் நின்று, "போயிட்டு வாறன் டீச்சர்" என்றார். ஆட்களுக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவள் என்று சொல்லிவிட்டாரே என்ற கோபம் எனக்கு. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா அன்றே அவரைக் கொண்டுபோன இடத்துக்கு ஓடிப்போய்க் கஞ்சிக் கதையைச் சொன்னார். ஒரு தழும்புக்கு எத்தனை கதை என்று கேட்டார்களாம். அடுத்த நாள் போனபோது ஆள் இங்கே இல்லை என்றார்கள். அதற்கடுத்த நாள் அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள். அதோடு முடிந்தது. இன்றுவரை முடிந்ததுதான்.

நான் தோலைப் பார்த்துப் பிழைக்கிறவள். எத்தனையோ தழும்பு பார்த்தாயிற்று. அந்தத் தழும்பைச் சைக்கிள் என்று எந்தக் குருடனும் நம்பமாட்டான். அந்த வாசலில் அவரைக் காப்பாற்றக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், முழு உண்மை. நான் பாதியைச் சொன்னேன். மீதியை, எனக்கு அது தெரியாது என்று நினைத்து, எனக்காக, அவர் சொல்லவில்லை. முழுவதையும் சொல்லியிருந்தாலும் கொண்டுதான் போயிருப்பார்கள் என்று என் புருஷன் ஆறுதல் சொல்வார். இருக்கலாம். அதையும் நான் யாரிடம் போய்க் கேட்க?

சில மாதம் கழித்து, காணாமற்போனவர்களுக்கான படிவம் ஒன்று வீட்டுக்கு வந்தது. மேசையில் வைத்து அம்மா நிரப்பினார், நான் பக்கத்தில் நின்றேன். பெயர், வயது, உயரம். அடுத்தது உடம்பிலுள்ள அடையாளம். அம்மா எழுதினார்: இடது முன்கை, கஞ்சி கொட்டிச் சுட்ட தழும்பு. அது கடதாசியில் ஏறியது அன்றுதான்.

நிமிராமலே கேட்டார். "சுட்டதெண்டு உனக்கு ஆர் சொன்னது பிள்ளை?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. எனக்கு ஞாபகம் இருக்கு. நான்தானே துணியை இழுத்தனான்."

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமெண்டு மாமாவுக்குத் தெரியுமே?"

அவர் மறைத்துவைத்த இரகசியத்தை இத்தனை காலமும் நானும் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா என்னைக் கெட்டிக்காரி என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இல்லையம்மா," என்றேன். "நான் மாமாவுக்கு மூச்சே விடேல்ல."

அம்மா பேனையை மூடினார். எழும்பிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் என்ன பிழை சொன்னேன் என்று விளங்காமல், அந்தப் படிவத்தின் மையில் கை படாமல் அது காயும்வரை காவல் நின்றேன்.