பச்சை வட்டம்

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். இலை மிஞ்சிப் போனதால் ஃபேக்டரிகள் சில நாள் இலையே எடுக்காது. எந்த நாள் எடுக்கும் என்று சிறு விவசாயிகளுக்குக் காட்டும் ஆப், குன்னூரில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து செய்தது. பச்சை வட்டம் என்றால் எடுக்கும், சிவப்பு என்றால் எடுக்காது. சோதித்துப் பார்த்து ஓகே போடுவது என் வேலை.

பார்வைக் குறை உள்ளவர்களுக்கும் ஏற்றபடி ஆப் செய்ய எல்லோருக்கும் பயிற்சி என்று மேனேஜர் ஒருநாள் அறிவித்தார். பிரிண்டருக்கு மை வாங்கவே யோசிக்கிற மனிதர், கோவையிலிருந்து ஆள் வரவழைக்கிறாராம். யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்க்கத்தான் என்று எனக்கு உடனே பட்டது. பயப்படக் காரணமும் இருந்தது. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து சீட் பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டுக் கேட்டே காலத்தை ஓட்டினேன்.

அதற்கு முந்தின வாரம்தான் ஜெகதளாவிலிருந்து தாய்மாமன் போனில் கத்தியிருந்தார்.

"பச்சைதான்னு நம்பி இலை பறிச்சு மூட்டையக் கொண்டு போனேன் மாப்ளே. இன்னைக்கு எடுக்கறதில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க!"

அம்மா வழியில் அவருக்கும் என் கண்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு அது தெரியாது. "நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி சிரித்துச் சிரித்துப் பேசினார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. நோட்டில் அவர் எதை எழுதினாலும் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. மத்தியானம் எங்கள் ஆப்பைச் சுவரில் காட்டி, நிறத்தை மட்டும் எடுத்துவிட்டார்.

"இன்னைக்கு இலை எடுக்கறாங்களா? சொல்லுங்க பாக்கலாம்."

"இத வெச்சு எப்படிங்க சொல்றது?" என்று பக்கத்து சீட் பெண் சிரித்தாள்.

"இப்படியே பாக்கறவங்க யாராச்சும் இங்க இருந்தா எனக்கு உதவியா இருக்கும்."

வலை விரிக்கிறார் என்றே நினைத்தேன். மேனேஜர் வேறு பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆனால் மாமாவின் மூட்டை கண்ணுக்குள்ளேயே நின்றது. எழுந்துவிட்டேன்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதுங்க. நான்தான் இதுக்கு ஓகே போட்டேன்."

மேனேஜர் கோபப்படவில்லை. "இலை திரும்பி வந்துதுன்னு நெறையப் பேரு கூப்பிட்டாங்க. பாக்கறதுல ஏதோ சிக்கல்னு தோணித்தான் இவங்கள வரச்சொன்னேன். வட்டத்துக்குக் கீழ எழுத்துல போட்டுருங்க. அடுத்த பயிற்சிய நீங்களே எடுங்க" என்றார். இதிலும் ஏதோ இருக்கிறது என்று அன்று முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மாமாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நம் இருவர் கண்ணும் ஒன்று, நீங்கள் கூப்பிட்ட அன்றே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.



"அன்னைக்கே தெரியுமா?" என்றார். "என் கண்ண நம்பாம, அதுலருந்து தெனமும் காலைல ஃபேக்டரி கேட் வரைக்கும் நடந்து போயிக் கேட்டுட்டு வாரேன் மாப்ளே."