கிழக்கே பார்க்கும் யானை

திருத்தணி மலையில் நான் டோலி தூக்க வந்த புதிதில், கிருத்திகைதோறும் ஒரு பெண் வருவாள். நெற்றியில் பெரிய குங்குமம், விரலெல்லாம் சாயக்கறை. பள்ளிப்பட்டுப் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பெண்.

மற்ற கோயில்களில் வாகனம் சாமியைப் பார்த்து நிற்கும். எங்கள் மலையில் கல்யானை சாமிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நிற்கிறது. அவள் சன்னதிக்குள் போகமாட்டாள். யானையின் காலடியில் கரும்புத் துண்டு வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்று தானும் கிழக்கே பார்ப்பாள். கீழே ஊரைப் பனி மூடியிருக்கும். கடல் இப்படித்தான் இருக்குமோ என்று நினைப்பேன். நான் கடலைப் பார்த்ததில்லை.

ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, சாமி அந்தாண்ட இருக்குது. நீ இந்தாண்ட பாத்துகினு நிக்கிறியே?"

"ஆங், தெரியுங்க. எங்க வூட்டுக்காரரு ரங்கூன்ல இருக்காரு. சண்டை வந்ததுலருந்து சேதி இல்ல. ரங்கூன் கிழக்கன்னு சொன்னாங்க."

"அதுக்கு?"

"நான் தறிக்குப் போயிடுவேங்க. இது பாத்துகினே இருக்குமில்ல?"

"சாமியாண்ட கேக்கலாமே?"

"சாமிக்கு ஊரெல்லாம் ஆளு. இதுக்கு நான் ஒருத்திதான்" என்று சிரித்தாள்.

சண்டை முடிந்தது. அதற்கடுத்த கிருத்திகைக்கு அவள் வரவில்லை. பிறகும் வரவில்லை. அவர் வந்து சேர்ந்தாரா, வரவே மாட்டார் என்று தெரிந்துவிட்டதா, யாரைக் கேட்பது?

டோலியை இறக்கியதும் யானைப் பக்கத்தில் கொஞ்சம் நிற்பேன். அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நானும் பார்ப்பேன்.